நாலு செகண்ட்

படகில் இரண்டு இருக்கைகள். இடது பக்கம் அவர், ஸ்டியரிங்கோடு. வலது பக்கம் அவள், லிவரோடு. போகிற திசை அவர் கையில், போகிற வேகம் அவள் கையில். கல்யாணமான பெண்களிடம் இதைச் சொன்னால் எல்லோரும் சிரித்துவிட்டு, "குடுத்து வச்சவ நீ" என்பார்கள். நாத்தனார் மட்டும், "எங்க வீட்ல ரெண்டுமே அவர் கையில அண்ணி. எங்கயாவது போய் மோதினா மட்டும் என் தலையில" என்பாள்.

பந்தயப் படகு அந்த வேகத்தில் தண்ணீரில் போவதில்லை, தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. அலை ஒன்று தூக்கிவிட்டால் பின்னால் சுற்றுகிற விசிறி காற்றுக்கு வந்துவிடும். கடிக்க ஒன்றும் கிடைக்காத எஞ்சின் அப்போது வெறிபிடித்த மாதிரி அலறும். அது அலறுவதற்கு முன்னால் லிவரைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். திரும்பத் தண்ணீரில் விழுந்ததும் முன்னுக்குத் தள்ள வேண்டும். ஒரு சுற்றுக்குள் இது எத்தனை முறை நடக்கும் என்று யாரும் எண்ணியதில்லை. கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. இடுப்பெலும்பு வழியாகக் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை. அதில் அவளுக்கு நல்ல பெயர். வாரம் முழுவதும் இரண்டு பேரும் கடையில் ஜன்னல் கண்ணாடி வெட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போவார்கள். கடையில் அதிகம் பேசிக்கொள்ள ஒன்றும் இருக்காது. படகில் பேசவே முடியாது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டது வீட்டில் இல்லை, அந்தப் படகில்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

இரண்டு வருஷமாகப் படகு மெதுவாகிக்கொண்டு வந்தது. ஒரு சுற்றுக்கு நாலு செகண்ட். கேட்கிறவருக்கு அது ஒரு தும்மல் போடுகிற நேரம். பந்தயத்தில் அது முன்னால் போகிற படகின் முதுகுக்கும் அதன் புகைக்கும் உள்ள தூரம். அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பார்த்தார்கள். விசிறியை மாற்றிப் பார்த்தார்கள். அவர் எதையாவது மாற்றிவிட்டு வந்து, "இந்த வாரம் பாரு" என்பார். அந்த வாரமும் அதே புகைதான்.

கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். நாற்பது வயது ஆள், ஆனால் உருவத்தில் பள்ளிக்கூடத்துப் பையன். எல்லோரும் அவனைக் கடுகு என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று பேச்சு. கண்ணாடி வெட்டுகிற மேஜையில் ஒரு காகிதத்தை விரித்துப் படம் போட்டான்.

"முழு எஞ்சின் மாத்த வேணாம்ணே. இதே எஞ்சின்தான். காத்த அமுக்கி உள்ள தள்ளுதுல்ல, இந்தப் பெட்டி, இத மட்டும் கொஞ்சம் பெருசா போடுறோம். கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்துறோம். அம்பது குதிரை சக்தி கூடும். நாலு செகண்டு திரும்பி வந்துரும்."

"சின்ன வேலைதானே?"

"சின்ன வேலைதான். ஆனா வேணுமா வேணாமான்னு பார்த்துட்டுத்தான் போடுவேன். போட்டப்புறம், 'என்ன கடுகு, ஒண்ணும் தெரியலியே'ன்னு என் சட்டையப் பிடிக்கக் கூடாது."

அவர் அவளைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

"யோசிப்போம்" என்றாள்.

யோசிக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. அந்த நாலு செகண்ட் எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஏரியின் மறு கோடியில் மஞ்சள் மிதவை ஒன்று உண்டு. அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், அந்த மிதவையில் அவர் ஸ்டியரிங்கைத் திருப்பியது ஒரு நூலளவு தாமதமாகப் பட்டது அவளுக்கு. யோசிக்காமல் லிவரை ஒரு விரலளவு பின்னுக்கு விட்டாள். படகு நிதானப்பட்டது, திரும்பியது. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த சுற்றிலும் அப்படியே செய்தாள். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. காது கொஞ்சம் மந்தமானவரிடம், அவருக்கே தெரியாமல் குரலை உயர்த்திப் பேசுவதில்லையா, அது போல.

ஐம்பதைத் தாண்டியவருக்குக் கண்ணோ கையோ கொஞ்சம் பின்தங்குவது ஒன்றும் ஊரில் நடக்காத காரியமில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பதுதான் அன்பு என்று அவள் தீர்மானித்திருந்தாள். தீர்மானித்ததோடு நிற்கவில்லை, அந்த இரகசியம் அவளுக்குப் பிடித்தும் போயிற்று. பந்தயம் முடிந்து அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "இந்த எஞ்சின் செத்துப்போச்சு" என்று சலித்துக்கொள்ளும்போது, குழந்தையை ஏந்தியிருக்கிற மாதிரி ஒரு நிறைவு அவளுக்குள் வரும். நான் இல்லாவிட்டால் இவர் என்ன ஆவார் என்கிற நிறைவு. அதை அவள் வெளியே எடுத்துப் பார்த்ததில்லை. உள்ளேயே வைத்து, உள்ளேயே தடவிக் கொடுத்தாள்.

இப்போது ஐம்பது குதிரை. மிதவைக்கு இன்னும் வேகமாகப் போய்ச் சேர்வார்கள். அவர் இன்னும் தாமதமாவார். எத்தனைக்குத்தான் அவளால் ஈடுகட்ட முடியும்? வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் வேண்டாம் என்று கேட்பாரே.

"முதல்ல சோதனை ஓடிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றாள். அதற்குள் ஏதாவது நடந்து பேச்சு தன்னால் அடங்கிவிடாதா என்று இருந்தது.

சோதனையில் கடுகுக்கு ஒரு விதி இருந்தது. ஒரே நாள், ஒரே தண்ணீர். பழைய பெட்டியோடு ஒரு ஓட்டம், புதுப் பெட்டியோடு ஒரு ஓட்டம். இரண்டிலும் லிவரில் அவன்தான் உட்காருவான்.

"என் இடத்துலயா?" என்றாள்.

"கை மாறினா கணக்கு மாறும்க்கா. உங்களுக்கு எஞ்சின் மேல ஆசை இருந்தா, புதுசு போட்டதும் கை தன்னால கூடக் கொஞ்சம் தள்ளும். எனக்கு ஆசையும் இல்ல, பாசமும் இல்ல. எடையப் பத்தியும் கவலப்படாதீங்க, உங்க எடைதான் நானு. வேணா தராசுல ஏறிக் காட்டுறேன்."

"என் எடை உனக்கு எப்படித் தெரியும்?"

கடுகு மேஜைக்கடியில் குனிந்து எதையோ தேடினான். முதலில் அவர் வாய்விட்டுச் சிரித்தார், பிறகு அவளும் கடுகும். அந்த வாரம் அவர்கள் மூவரும் சிரித்தது அது ஒரு முறைதான்.

வார நாள் காலை. ஏரியில் வேறு படகு இல்லை. டிரெய்லரைச் சரிவில் பின்னுக்குத் தள்ளி, படகை இறக்கி, மரத்துறையில் கட்டினார்கள். துறையின் பலகைகள் இரவின் ஈரம் காயாமல் கருத்திருந்தன. அவர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். கடுகு அவளுடைய ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டான். அதுவும் சரியாக இருந்தது.

அவன் படகில் கால் வைப்பதற்கு முன் அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"தம்பி. மஞ்சள் மிதவை வரும்போது கொஞ்சம் முன்னாடியே விட்டுக் குடு."

"எதுக்குக்கா?"

"அவருக்கு அப்படித்தான் பழக்கம்."

கடுகு அவளையும் படகையும் ஒரு முறை பார்த்தான். "அப்புறம் அது சோதனையாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஏறிவிட்டான்.

படகு கிளம்பியதும் துறை மொத்தமும் அவள் காலுக்கடியில் ஆடியது. வெளியிலிருந்து அந்தச் சத்தத்தை அவள் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. உள்ளே அது உடம்பில் ஓடுகிற சத்தம். வெளியே யாரோ வானத்தை நீளமாகக் கிழிக்கிற சத்தம். ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் கோட்டைத் தாண்டியதும் அழுத்தினாள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் கட்டைவிரல் தன்னால் அழுத்திக்கொண்டது; அவள் வாட்ச்சைப் பார்க்கவில்லை. மிதவையைப் பார்த்தாள்.

இப்போது விடு, என்றாள் மனதுக்குள். விடு தம்பி, விட்டுவிடு.

கடுகு விடவில்லை. சத்தம் குறையவே இல்லை. அவளுடைய வலது கை காற்றில் எதையோ பின்னுக்கு இழுத்தது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்த அந்த நொடியில் படகு சாய்ந்தது. புதுக் கண்ணாடியில் வைரமுனை ஓடுகிற மாதிரி, ஒரே கோடாக, மிதவையை உரசிக்கொண்டு திரும்பியது. அவர் கொஞ்சம்கூடத் தாமதிக்கவில்லை. இரண்டாவது சுற்றிலும் அப்படித்தான். மூன்றாவதில் இன்னும் ஒட்டித் திரும்பினார்.

பின்னால் காலடிச் சத்தம். நாத்தனார் டீ ஃபிளாஸ்க்கோடு ஓடிவந்துகொண்டிருந்தாள். எப்போதும் போலத் தாமதம், எப்போதும் போல வரும்போதே பேச்சு.

"அண்ணி, ரோட்லேர்ந்தே பார்த்தேன்! என்னா திருப்பு! அண்ணனுக்கு வயசு திரும்பிருச்சு போல. எவ்வளவு காட்டுது, குடுங்க பார்ப்போம்." வாட்ச்சைப் பிடுங்கிப் பார்த்தாள். "அடி ஆத்தி! சுத்துக்கு நாலு செகண்டு குறைஞ்சிருக்கு. நான்தான் அப்பவே சொன்னேனே, புதுச போட்டுத் தொலைங்கன்னு. போட்டதும் எப்படி இருக்கு பார்த்தீங்களா!"

"இன்னும் போடல" என்றாள் அவள்.

"என்ன போடல?"

"புதுசு. அதோ டிரெய்லர்ல இருக்கு. பெட்டிகூடப் பிரிக்கல."

நாத்தனார் வாட்ச்சைப் பார்த்தாள், டிரெய்லரைப் பார்த்தாள். பிறகு ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்து, டீயை ஊற்றி, அண்ணியிடம் நீட்டாமல் தானே குடித்தாள்.

படகு துறைக்கு வந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது அந்த முகத்தை அவள் பார்த்துவிட்டாள். ஆளே வேறு. கல்யாணமான புதிதில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வருவாரே, அந்த முகம். துறையில் அவள் நிற்பதைக் கண்டதும் அதை அவசரமாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"தண்ணி இன்னைக்கு ரொம்ப அமைதி" என்றார் படகைக் கட்டிக்கொண்டே. "இப்படி இருந்தா யாரும் ஓட்டலாம்."

"ஆமாண்ணே" என்றான் கடுகு. "காத்தும் இல்ல." பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தான். அவன் தலைக்கு மேல் படகு கிளப்பின் கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவள் ஹெல்மெட்டுக்குக் கை நீட்டினாள். "நான் ஒரு தடவை போறேன். பழசோடயே."

"எதுக்கு? பெட்ரோல்தான் வீண்" என்றார்.

"போலாங்க."

உட்கார்ந்ததும் இருக்கை சூடாக இருந்தது, வேறொருவருடைய சூடு. பெல்ட்டை இறுக்கினாள். இன்றைக்கு விடுவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என்ன ஆனாலும் சரி. அவருக்கு ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்த்தாயிற்று. இனி பயப்பட என்ன இருக்கிறது? நீளமான நேர்த்தடத்தில் லிவரை முழுக்கத் தள்ளினாள். படகு தூக்கியது, இழுத்தாள், விழுந்தது, தள்ளினாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. மஞ்சள் மிதவை ஒரு புள்ளியாக இருந்து எலுமிச்சம்பழமாகி, பானையளவு ஆயிற்று.

கை அவளைக் கேட்கவில்லை. சூடான பாத்திரத்திலிருந்து விலகுகிற மாதிரி அது தன்னால் பின்னுக்கு வந்தது. சத்தம் இறங்கியது.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பந்தயத்தில் பக்கத்து ஆளைப் பார்க்க நேரம் இருக்காது; இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் அவள் பார்த்ததே இல்லை. ஸ்டியரிங் மேல் அவர் கைகள் தயாராக இருந்தன. அவர் காத்துக்கொண்டிருந்தார். தாமதம் என்று அவள் எதை நினைத்தாளோ அது அந்தக் காத்திருப்புதான். அவள் குறைப்பதை உடம்பால் கேட்டு, படகு தணிந்த பிறகு, அந்தத் தணிந்த வேகத்துக்கு ஏற்றபடி அகலமாக, பத்திரமாகத் திருப்பினார். மூட்டு வலிக்காரியைப் படியில் கைப்பிடித்து இறக்குகிறவர் போல.

இரண்டாவது சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். கை வந்துவிட்டது. மூன்றாவதில் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இடது கையும் சேர்ந்தே வந்தது.

முதல் நாள், அந்த நூலளவு, அது உண்மையிலேயே அவருடையதுதானா? அவள் முன்கூட்டியே விட்டதால் அவர் தாமதமாகத் திருப்பினாரா, அவர் தாமதமாகத் திருப்பியதால் அவள் முன்கூட்டியே விட்டாளா? யாரைக் கேட்பது? ஏதாவது விபத்து நடந்திருந்தால், அடிபட்டிருந்தால், அன்றிலிருந்து பயம் என்று சொல்லலாம். ஒன்றுமே நடக்கவில்லை. தலைமயிர் நரைக்கிற மாதிரி பயம் அது பாட்டுக்கு வந்திருக்கிறது. அவள் அதற்கு அவருடைய பெயரை வைத்துக் கூப்பிட்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

துறையில் நாத்தனார் வாட்ச்சை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். "அமுக்க மறந்துட்டேன் அண்ணி. டீ குடிச்சதுல கை பிசுபிசுன்னு." பிறந்ததிலிருந்து எதையும் மறந்தறியாதவள். பத்து வருஷத்துக்கு முன்னால் யார் கல்யாணத்தில் யார் பரிமாறவில்லை என்பதுவரை சொல்லுவாள்.

அவர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் இறங்காமல், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"வளைவுல எனக்காகக் காத்திருக்கீங்களா?"

"ரெண்டு பேர் போற படகு. நீ குறைக்கிறதுக்கு முன்னாடி நான் திருப்பினாலும் தப்பு, நீ குறைச்சப்புறம் இறுக்கித் திருப்பினாலும் தப்பு."

"எப்பலேர்ந்து?"

"அதெல்லாம் யாரு கண்டா." பெல்ட்டின் கொக்கியில் என்ன சிக்கியிருந்ததோ, அதையே பார்த்துக்கொண்டு சொன்னார். "உனக்கு எதுவோ பயமா இருக்குன்னு நெனச்சேன். சரியாயிடும்னு விட்டுட்டேன்."

அப்படியானால் எஞ்சின் செத்துப்போச்சு என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சலித்துக்கொண்டது? அடிப்பக்கத்தைத் தேய்த்தது? அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. இரண்டு வருஷமாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் உள்ளே தடவிக் கொடுத்த நிறைவு போன்ற ஒன்று அவருக்குள்ளும் இருந்திருக்கலாம். அந்த நினைப்புதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. 'ஏன்டி, பயமா இருக்குன்னு சொல்லித் தொலைக்க மாட்டியா' என்று ஒரு வார்த்தை. ஓங்கிச் சொல்லியிருந்தால் அவளும் ஓங்கி அழுதிருப்பாள்.

அவர் துறையில் ஏறி நின்றார். கடுகு ஸ்பேனர் பையைத் திறக்காமல் காலால் உருட்டிக்கொண்டிருந்தான்.

"போட்டுடு கடுகு" என்றார்.

"அண்ணே..."

"என்ன?"

"இல்ல. அதான் பழசுலயே..." என்று ஆரம்பித்தவன், நாத்தனார் முறைத்ததில் மென்று விழுங்கினான். "போடுறதுன்னா போடலாம். அக்கா என்ன சொல்றாங்க?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

சொல்ல வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எஞ்சின் வேண்டாம். கடுகு உட்காரட்டும். நான் இங்கேயே நின்று வாட்ச்சை அமுக்குகிறேன். மூன்று வாக்கியம். அவர் மறுப்பார், இரண்டு தடவை, அதற்கு மேல் மறுக்க மாட்டார். காலையில் பார்த்த அந்த முகம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் டீ ஃபிளாஸ்க் கொண்டுவருவாள். திங்கட்கிழமை கடையில் அவரும் அவளும் மேஜையின் இரண்டு பக்கம் நின்று ஊரார் வீட்டு ஜன்னல்களை வெட்டுவார்கள். அதற்கப்புறம் அவர்களுக்குள் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எவ்வளவு யோசித்தும் அந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை.

அவர் பொறுமையாக நின்றார். அவசரப்படுத்தவில்லை. மிதவைக்கு முன்னால் காத்திருக்கிற அதே நிதானம். அவளாக விட்டால்தான் அவர் திருப்புவார்; விடாவிட்டால் நேராகப் போய்க்கொண்டே இருப்பார். அது அவருடைய நல்ல குணம். அதை எப்படிக் குறை சொல்வது?

"போடு தம்பி" என்றாள்.

கடுகு குனிந்து எஞ்சின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தான். நாத்தனார் திடீரென்று நிறையப் பேசினாள்: தன் வீட்டுக் குழாய், எதிர்வீட்டு நாய், மகனுக்கு வந்த வரன். அவர் "ம்", "அப்படியா" என்று கேட்டுக்கொண்டார். அவளும் இரண்டு இடத்தில் சிரித்தாள். புதுப் பெட்டி பளபளவென்று இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தபோது, இவ்வளவு சின்னதில் ஐம்பது குதிரையா என்று யாரோ கேட்டார்கள், அவளேகூட இருக்கலாம். அந்த ஐம்பதையும் மிதவைக்கு முன்னால் அவள் இழுத்துப் பிடிக்கப் போகிறாள். நேர்த்தடத்தில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவும் வளைவில் போகும். அடுத்த வருஷம் இன்னொரு பெட்டி வரும், இதைவிடப் பெரிசாக.

வேலை முடியும்போது வெயில் தலைக்கு மேல் வந்திருந்தது. கடுகு லிவர் பக்கம் உட்கார்ந்து அதை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தான்.

"அக்கா, புதுசுக்கு இந்த ஸ்பிரிங்கு கொஞ்சம் இறுக்கமா இருந்தா நல்லது. சட்டுன்னு பின்னாடி வராது." சொல்லிவிட்டு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே பட்டுவிட்டது போல அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "இறுக்கட்டுமா?"

"எப்பவும் இருக்கிற மாதிரியே வை."

"சரிக்கா."

கடுகின் விதிப்படி இன்னொரு ஓட்டம் பாக்கி இருந்தது. புதுப் பெட்டியோடு, அவன் கையால். அவன் ஹெல்மெட்டைத் தேடவில்லை. அவர் டிரெய்லரைப் பின்னுக்கு எடுக்கப் போனார். நாத்தனார் வாட்ச்சைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். அவளோ சரிவில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, படகின் மூக்கைப் பிடித்து நேராக்கிக் கொடுத்தாள். ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காத புதுப் பெட்டியோடு அது டிரெய்லரில் சாதுவாக ஏறி உட்கார்ந்தது.